பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் பதறாதீர்கள்

மகளுக்கு மூன்று மாதம் முடிந்த சமயம் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. குழந்தையின் கண்ணை தினமும் பத்து நிமிடம் விடாமல் பார்த்தால் மூளை நன்றாக வளருமாம். நானும் நம்பி, ஆபீஸ் விட்டு வந்ததும் கை கால் கழுவிவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். பார்ப்பாள், சிரிப்பாள், 'ங்கா' என்பாள், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தலையைத் திருப்பி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். நான் விடுவேனா? அந்தப் பக்கம் நகர்ந்து முகத்தை நீட்டுவேன். அவள் இந்தப் பக்கம் திரும்புவாள். கடைசியில் ஒரே அழுகை. அன்றிரவு கூகுளில் தேடத் தொடங்கி ஆட்டிசம் வரை போய், தூக்கம் போச்சு.

"ஏன்டா, உன் மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் மூஞ்சிய வச்சுக்கிட்டே இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? அவளச் செத்த விடு" என்றார் அம்மா.

படித்துப் பார்த்தால் ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. பிறந்த குழந்தைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். பிறந்து 2 முதல் 5 நாளே ஆன குழந்தைகள்கூட, வேறெங்கோ பார்க்கும் முகத்தைவிட நேராகப் பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்ப்பதை தெரேசா ஃபரோனி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002இல் காட்டினார்கள். ஆனால் அப்படிப் பார்ப்பது அந்தச் சின்ன உடம்புக்குப் பெரிய வேலை. களைத்தால் திரும்பிக்கொள்ளும், இளைப்பாறிவிட்டு மறுபடி வரும். நான் துரத்தித் துரத்திப் பிடித்தது அந்த ஓய்வைத்தான்.

அம்மா குளிப்பாட்டுவதைப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பாப்பாவைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்ப்பார், வாய் ஓயாமல் பேச்சு நடக்கும். பாப்பா சொட்டும் குழாயைப் பார்த்தால் "என்னடி பாக்குற, குழாயையா?" என்று அவரும் குழாயைப் பார்ப்பார். பாப்பா திரும்பி வரும்போது அவர் முகம் அங்கேயே இருக்கும்.

ஆட்டிசம் பயத்துக்கும் ஒரு வார்த்தை. 2013இல் ஜோன்ஸ், க்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், பின்னால் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள் பிறர் கண்களைப் பார்ப்பது 2 முதல் 6 மாதத்துக்குள் படிப்படியாகக் குறைந்தது தெரிந்தது. அது கருவி வைத்துப் பல மாதம் அளந்து கண்டது, நாம் ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற விஷயமில்லை. மூன்று மாதமாகியும் முகமே பார்க்கவில்லை, சிரிக்கவில்லை என்றால் சரி, டாக்டரிடம் காட்டுங்கள்.

போன் வேறு கதை. எழுபதுகளில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையையே பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுத்துப் பார்க்கும், ஒன்றும் நடக்கவில்லை என்றதும் துவண்டு திரும்பிக்கொள்ளும். ரீல்ஸ் பார்க்கும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தேன்.

ஆனால் இதை வைத்து, பால் கொடுக்கும்போது போனைத் தொடாதே என்று பெண்களுக்கு மட்டும் பாடம் எடுப்பவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. ராத்திரி மூன்று மணிக்கு, குழந்தை கண்ணை மூடிக் குடிக்கிறது, அவள் தூங்கி விழாமல் இருக்க எதையோ பார்க்கிறாள். அவளை விடுங்கள். சாயங்காலம் சோபாவில் கிடக்கும் அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், அதாவது என்னிடம்.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் ன்சோ மக்களைப் பற்றி ஹைடி கெல்லர் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். அங்கே முகத்துக்கு முகம் பார்த்துக் கொஞ்சுவது குறைவு, குழந்தையை உடம்போடு வைத்துக்கொள்வதும் குதிக்கவைப்பதும்தான் அதிகம். அந்தப் பிள்ளைகளும் நன்றாகத்தானே வளர்கிறார்கள்.

மகளுக்கு இப்போது பத்து மாதம். நேற்றிரவு சுவரில் ஒரு பல்லியைக் கண்டுவிட்டு அதையே பார்த்தாள், பிறகு நானும் பார்க்கிறேனா என்று என் பக்கம் திரும்பினாள், மறுபடி பல்லி. பார்த்தேன் என்றேன். அதற்குள் அது ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.