படித்துறையைப் பூட்டியது தவறு

ஆற்றில் பையனைப் பறிகொடுத்த அந்தக் குடும்பத்தின் வேதனைக்கு முன்னால் யாரும் வாதம் பண்ண முடியாது. ஆனாலும் அதற்காகப் படித்துறைக்கு இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது தவறுதான். எத்தனை பேர் கோபப்பட்டாலும் தவறுதான்.

பையன் சிக்கியது படித்துறையில் இல்லை, சட்ரஸுக்குக் கீழே. ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துத் தண்ணீரை அடைத்துத் திறந்துவிடுகிற மதகுதான் சட்ரஸ். ஷட்டருக்கு அடியில் பீறிட்டு வருகிற தண்ணீர் தரையை ஒட்டி ஓடும். மேல்தண்ணீர் சட்ரஸைப் பார்த்துத் திரும்பும். பாலத்திலிருந்து பார்த்தால் வெறும் நுரை. உள்ளே போனவரைத் திரும்பத் திரும்ப மதகடிக்கே இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் ஆள் மிதப்பதும் குறையும், லைஃப் ஜாக்கெட்டை நம்ப முடியாது. ஆபத்து அங்கே இருக்க, பூட்டை இங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகோ பரிசலோ, எதில் வந்தாலும் கரை ஏறுவதற்குத்தான் துறை வேண்டும். இறங்க எந்தச் சரிவும் போதும். கான்கிரீட் சரிவில் பாசி பிடித்தபின் நனைந்த காலோடு ஏறிப் பாருங்கள், கைக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. படித்துறையும் இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போகிற ஆள் அடுத்த சட்ரஸில்தான் நிற்பார். இந்தக் கேட்டை ஆற்றுப் பக்கமிருந்து திறக்க ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையே இல்லை. சட்ரஸுக்கு மேலே, இழுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு துறை. எச்சரிக்கைப் பலகை ரோட்டைப் பார்க்காமல் ஆற்றைப் பார்க்க வேண்டும், வருகிறவர் தண்ணீரில்தானே வருகிறார்! கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத் தண்ணீர் மாற்றும்போது மட்டம் சட்டென்று இறங்கும், ஏறும். அதனால் கடைசிப் படி ஆற்றுத் தரை வரை போக வேண்டும், பாதியில் முடிந்தால் கீழே மண் அரித்து ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழும். பக்கச் சுவரில் அடி அளவு, கைப்பிடிச் சங்கிலி, வீசுவதற்கு ஒரு மிதவைக் கயிறு. வாரம் ஒரு முறை பாசியைச் சுரண்ட ஓர் ஆள்.

‘பயிருக்கே தண்ணீர் இல்லை, படகு விளையாட்டு கேக்குதா?’ என்கிறார்கள். படகு போனால் ஒரு சொட்டும் குறையாது. ‘குடிச்சுட்டு வந்து விழுறாங்க’ என்பதும் உண்மைதான், அதற்குக் காவல் போடுங்கள். ‘ஏதாவது ஆனா யார் பொறுப்பு?’ என்று கேட்பவர்களிடம் நானும் ஒன்று கேட்கிறேன். மணல் அள்ளிய குழிகளுக்கு யார் பொறுப்பு? முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் முழுகிப் போகிறதே, அங்கே ஒரு முள்கம்பியாவது உண்டா?

ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி எடுத்துக்கொண்டு எந்தத் துறைக்குப் போவது? திதி கொடுக்க வருகிற கிழவர்கள் எங்கே இறங்குவார்கள்? மாயவரத்தில் ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் ஊரே முழுகுகிறது, அதையும் நாளைக்குப் பூட்டுவீர்களா? கரையில் பிறந்தவர்களை ஆற்றுக்கு அந்நியமாக்க யாருக்கு உரிமை இருக்கிறது? முதலில் சட்ரஸுக்குக் கீழே வேலி போடுங்கள். இந்தக் கேட்டை இன்றைக்கே கழற்றுங்கள்.