முப்பதாயிரம் ரூபாய் ஹெட்ஃபோனில் ஒரு சுவிட்சும் நாலு ஸ்குரூவும் வேண்டும்

விலை உயர்ந்த வயர்லெஸ் ஹெட்ஃபோன் காசுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தகும் என்றுதான் சொல்வேன், ஆனால் பாட்டுக்காக இல்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் மூவாயிரம் ரூபாய்க்கே அருமையான வயர் ஹெட்ஃபோன் கிடைக்கிறது. முப்பதாயிரம் கொடுத்து நாம் வாங்குவது அமைதி.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட், பின்பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு கட்டட வேலை, தலைக்கு மேலே மின்விசிறி. ஹெட்ஃபோனை மாட்டி, வெளிச்சத்தத்தை அடக்கும் வசதியை இயக்கியதும் அந்த ஏசியின் உறுமல் அடங்கிப் போகிறதே, அது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டோம். வெளியே உள்ள மைக் வருகிற சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே உள்ள மைக் காதருகில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறது. சிப் அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி ஸ்பீக்கர் வழியாக விட, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எதிர் அலையால் சத்தத்தை அழிக்கும் இந்த யோசனைக்கு பவுல் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைக் காதுக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு உண்டு. பிரிட்டிஷ் அரசை எதிர்த்துச் சிறை சென்று, பிறகு அமெரிக்காவுக்குப் போன ஒரு வங்காளியின் மகன், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி இசை எதுவும் கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது 1989-இல். பயணிகளுக்கான குவயட்கம்ஃபர்ட் வந்தது 2000-இல். இருபது வருட உழைப்பு அது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். உறுமல் போன்ற 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதற்கு எதிர் அலையைச் சரியாகப் பொருத்துவது எளிது. கீச்சென்ற 4,000 ஹெர்ட்ஸில் அதே நீளம் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. நேரம் இம்மி பிசகினாலும் பொருந்தாது. அதனால்தான் ஏசி, மின்விசிறி, பஸ் இன்ஜின், ரயிலின் தடதடப்பு எல்லாம் அடங்குகின்றன. குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், குழந்தையின் அழுகை அடங்குவதில்லை. மிக்ஸியின் அடிக்குரல் போய்விடும், கீச்சுக்குரல் மட்டும் தனியாக நிற்கும். "எதுவுமே கேட்காது" என்று விளம்பரத்தை நம்பி வாங்கியவர்கள் பேச்சுக்குரல் கேட்கிறதே என்று வருத்தப்படுகிறார்கள். அது பழுதில்லை, அதன் இயல்பு.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடியின் காம்பு, காதை மூடும் பேடுக்கும் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்கும். அடங்க வேண்டிய உறுமல் சத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஜிமிக்கியும் அப்படித்தான். ஜிமிக்கியோடு மூன்று மணி நேரம் மாட்டிப் பாருங்கள், காது மடல் கன்றிப்போகும். வேலை நாட்களில் சின்னத் தோட்டுக்கு மாறிவிட்டேன். கடையில் சோதிக்கும்போது தினமும் போடும் கண்ணாடி, தோட்டோடு சோதியுங்கள்.

இந்த அமைதியால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. அதுவே 90 ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். பஸ்ஸிலும் ரயிலிலும் வெளிச்சத்தத்தை வெல்லத்தான் நாம் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறோம். அந்தச் சத்தம் அடங்கினால் பாதி வால்யூமே தாராளம். காதைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒருவர் காதை மூடிக்கொண்டால், அந்த நேரத்துக்கு அவருக்கும் சேர்த்து வீட்டில் வேறு யாரோ கேட்க வேண்டியிருக்கிறது. காலிங் பெல், குக்கர் விசிலின் எண்ணிக்கை, பால் பொங்கும் சத்தம், உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிடுவது. பல வீடுகளில் கணவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறார், மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். இது பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். எங்கள் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள காலையில் என் முறை, மாலையில் என் கணவர் முறை. அம்மா கூப்பிட்டு நான் திரும்பவில்லை என்றால் கோபிக்காமல் தோளைத் தொடுவார். அப்புறம், தெருவிலும் தண்டவாளம் பக்கத்திலும் இதை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஆம்பியன்ட் வசதி இருந்தாலும் வேண்டாம். புறநகர் ரயில் பாதையைக் காதில் பாட்டோடு கடந்து உயிரை விட்டவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்துவிட்டோம்.

இனி என் குறை. இத்தனை அருமையான பொருளை அன்றாடம் எரிச்சலாக்குவது ஒன்றுதான்: எனக்கு என்ன வேண்டும் என்று அதுவே ஊகிக்கிறது.

நான் பேசினால் என் ஹெட்ஃபோன் பாட்டைத் தானாக நிறுத்திவிடும். யாரிடமோ பேச்சுக் கொடுக்கிறேன் என்பது அதன் ஊகம். பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்காமல் கேட்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? பல்லவி திரும்ப வரும்போது வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். உடனே பாட்டு நின்று, ஏசியின் உறுமல் உள்ளே வந்துவிடும். இருமினாலும் இதே கதை. ஹெட்ஃபோன் கப்பின் மேல் விரலால் தடவினால் அடுத்த பாட்டு. துப்பட்டா நுனி பட்டாலும் அடுத்த பாட்டு, தூறல் விழுந்தாலும் அடுத்த பாட்டு. கழற்றியதும் தானாக நிற்க ஒரு சென்சார் இருக்கிறது. கழுத்தில் தொங்கவிட்டால் தாடையைக் காது என்று எண்ணிக்கொண்டு பேட்டரி தீரும்வரை பாடுகிறது.

இரண்டு கருவிகளில் ஒரே நேரம் இணைந்திருக்கும் வசதியும் அப்படித்தான். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் போனில் பாட்டு ஓடும்போது லேப்டாப்பில் ஒரு மெயில் வந்த சத்தம் போதும், பாட்டு அறுந்துவிடும். முக்கியமான மீட்டிங்கில் இருக்கும்போது பையன் டேப்லெட்டைத் திறந்தால் ஹெட்ஃபோன் அங்கே தாவிவிடுகிறது. மேனேஜர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் கார்ட்டூன் கேட்கிறது.

"எல்லாவற்றையும் ஆப்பில் அணைத்துவிடலாமே" என்பார்கள். அணைத்தேன். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அதில் சில தாமாகவே திரும்ப வந்துவிட்டன. அந்த ஆப் முதலில் கணக்குத் தொடங்கச் சொல்கிறது, பிறகு இருப்பிடம் பார்க்க அனுமதி கேட்கிறது. நான் ஆபீஸில் இருக்கிறேனா ரயில் நிலையத்தில் இருக்கிறேனா என்று பார்த்து அமைப்பை மாற்றத்தானாம். காதில் மாட்டும் பொருளுக்கு நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்பது எதற்குத் தெரிய வேண்டும்? எனக்கு வேண்டியது ஒரு சுவிட்ச். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினால் அகப்படுகிற, அழுத்தினால் 'டக்' என்று பதில் சொல்கிற சுவிட்ச். 2016-இல் வந்த போஸ் குவயட்கம்ஃபர்ட் 35-இல் தள்ளு சுவிட்சும் மூன்று பொத்தான்களும் இருந்தன. அதைப் பயன்படுத்த யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. என் அம்மாவே அதைத் தாமாக இயக்குவார். விலை ஏற ஏறப் பொத்தான் குறைவது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

மீட்டிங் தொடங்கியதும் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடுகிறதே, அதற்கு மட்டும் ஹெட்ஃபோனைத் திட்டாதீர்கள். புளூடூத் பாட்டுக்கு ஒரு வழியும், பேச்சுக்கு வேறு வழியும் வைத்திருக்கிறது. ஹெட்ஃபோனின் மைக்கைத் திறந்த உடனே பேச்சு வழிக்கு மாறும். அதில் ஒலியைப் பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும். பாட்டு வழியில் 44,100. மீட்டிங் ஆப்பின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்தெடுங்கள். ஹெட்ஃபோன் வெறும் ஸ்பீக்கராக இருக்கட்டும். எதிரே இருப்பவர்களின் குரல் தெளிவாகிவிடும். புளூடூத்தில் எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கக்கூடியது. 2022-இல் அதன் விதிமுறைகள் முழுமையடைந்தன. ஹெட்ஃபோன், போன், லேப்டாப் மூன்றும் அதைப் பேச வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் வருகிறது.

கூட்டமான ஸ்டேஷனில் பாட்டு விக்கினால் போனைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சும். எல்டேக் என்ற உயர்தர ஒலி முறை நொடிக்கு 990 கிலோபிட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் குறையுங்கள். ரயில் சத்தத்தில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியப்போவதில்லை. கீபோர்டு வாசித்துப் பழகுகிறவர்கள் வயரைத்தான் செருக வேண்டும். புளூடூத்தில் விரல் பட்டு சத்தம் வருவதற்குள் தாளம் தள்ளிப்போய்விடும்.

எனக்கு உண்மையில் மனம் பொறுக்காதது இதன் ஆயுள். சென்னை வெயிலில் பேடுகள் வியர்வையில் ஊறுகின்றன. மேலே இருப்பது தோல் இல்லை, பாலியூரிதேன் பூச்சு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாக உடைத்து, சில வருடங்களில் கறுப்புச் செதில்களாகக் கன்னத்தில் ஒட்டவைத்துவிடும். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் கொஞ்சம் தாங்கும். மாற்றுப் பேடுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாட்டலாம், ஆனால் நுரையின் தடிமன் மாறினால் சத்தம் அடங்குவதும் கொஞ்சம் குறையும்.

பேட்டரிதான் பெரிய அநியாயம். லித்தியம் அயான் பேட்டரி தேயத்தான் செய்யும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஒட்டாமல் நாலு ஸ்குரூ போட்டு வைத்தால் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? என் பழைய ஹெட்ஃபோன் மற்ற எல்லா வகையிலும் புதிதுபோல இருந்தபோது பேட்டரி மட்டும் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி தனியாக மாற்றித் தர முடியாது என்றார்கள். புதிது வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணன் பொறுமையாகக் கப்பைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கனெக்டரில் செருகியிருந்தது. பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார், அவ்வளவுதான் வேலை. ஆன செலவு புது ஹெட்ஃபோன் விலையின் பக்கத்தில்கூட வராது. இப்போது அம்மா அதில்தான் காலையில் சுப்ரபாதம் கேட்கிறார்.

இது முடியாத காரியம் இல்லை. ஃபேர்ஃபோன் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸ் எக்ஸ்எல் ஹெட்ஃபோனில் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளியே மாற்றிக்கொள்ளும்படி செய்ய வேண்டும், விதிவிலக்குகள் கொஞ்சம்தான். ஐரோப்பாவுக்கு அப்படிச் செய்து விற்கிறவர்கள் இங்கே ஒட்டிவைத்து விற்க நாம் விடக்கூடாது. நம் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. விற்கிற ஒவ்வொரு ஹெட்ஃபோன் மாடலுக்கும் பேட்டரி விலையும் பேட் விலையும் அங்கே இருக்க வேண்டும்.

கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. சோனி 2022-இல் தன் எக்ஸ்எம்5 ஹெட்ஃபோனில் மடிக்கும் வசதியை எடுத்துவிட்டது. பைக்குள் அடங்கவில்லை என்று வாங்கியவர்கள் விடாமல் சொன்னார்கள். 2025-இல் எக்ஸ்எம்6 மறுபடி மடிகிறது.

எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்கிறவர்கள், கடையில் பாட்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள்: சத்தம் அடக்குவதை இயக்க, அணைக்க நிஜப் பொத்தான் இருக்கிறதா, பேட் கழற்ற வருமா, பேட்டரி போனால் எவ்வளவு ஆகும். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். மதுரை, திருச்சி, கோவை, நெல்லைப் பக்கம் ஹெட்ஃபோன் பேட்டரி மாற்றித் தருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் எந்தத் தெரு என்று இங்கே எழுதுங்கள். மாடல் பெயரையும் ஆன செலவையும் சேர்த்துப் போட்டால் தேடுகிறவர்களுக்கு உதவும்.