பல்கலைக்கழகத்தைப் பிரித்தீர்கள், பதிவேட்டை யாரிடம் கொடுத்தீர்கள்?

பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் மூன்று தலைமுறை படித்த வீடுகள் நிறைய உண்டு. தாத்தாவின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அப்பாவுடையதில் மதுரைப் பல்கலைக்கழகம். சித்தப்பா 1978க்குப் பிறகு வாங்கியிருந்தால் மதுரை காமராசர். பேத்தியுடையதில் மனோன்மணியம் சுந்தரனார். கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சான்றிதழில் முத்திரை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1966-ல் மதுரையில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஒரு தடவை, 1990-ல் திருநெல்வேலிப் பக்கத்தில் நமக்கென்று ஒன்று வந்தபோது இன்னொரு தடவை.

அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கடையம், வள்ளியூர், சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகள் எம்.ஏ., எம்.ஃபில். படிக்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருந்த காலத்தைப் பார்த்தவன் நான். என் ஆதங்கம் வேறு. ஒரு பல்கலைக்கழகத்தைப் பிரிக்கும்போது எந்தக் கல்லூரி யார் பக்கம், பாதியில் படிக்கிற மாணவன் எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுத வேண்டும், எந்த ஊழியர் எங்கே என்பதையெல்லாம் வரி வரியாக எழுதுகிறார்கள். காகிதம் யாரிடம் இருக்கும், யாரைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்ற பேச்சு அந்த மேசைக்கே வராது.

நான் ஓர் உதவிபெறும் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தக் கதை எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும்.

முதலில் 'உண்மைத்தன்மை' பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் முடிய வேண்டும், பிறகு தேர்வுநிலை கிடைக்க வேண்டும் என்றால், அவர் கொடுத்த ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதை வழங்கிய இடத்திலிருந்து 'இது நாங்கள் கொடுத்ததுதான்' என்ற உண்மைத்தன்மைக் கடிதம் வர வேண்டும். பட்டம் ஒரு பல்கலைக்கழகம், பி.எட். இன்னொன்று. 2008-ல் சென்னையில் கல்வியியல் பல்கலைக்கழகம் தனியாக வந்தது. அதற்கு முன் பி.எட். முடித்த அக்காவுக்கு அபிஷேகப்பட்டி, பின்னால் முடித்த தங்கைக்கு சென்னை. இரண்டு பேரும் படித்தது ஒரே கல்வியியல் கல்லூரியாகக்கூட இருக்கலாம். கடிதம் தவறான விலாசத்துக்குப் போகும், அங்கிருந்து 'எங்கள் பதிவில் இல்லை' என்று பதில் வரும், அந்த அம்மாவுக்குப் பல மாதம் தூக்கம் போகும். 'எங்கள் பதிவில் இல்லை' என்றால் 'நாங்கள் வழங்கியது இல்லை' என்று அர்த்தமா, 'தேடினோம், அகப்படவில்லை' என்று அர்த்தமா? பதில் எழுதுகிற உதவியாளருக்கே பல நேரம் தெரியாது.

பொறியியல் இன்னும் வேடிக்கை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981-ல் தொடங்கியபோது மதுரை காமராசர். பிறகு மனோன்மணியம் சுந்தரனார். பிறகு அண்ணா பல்கலைக்கழகம். 2007-ல் திருநெல்வேலிக்கென்றே ஓர் அண்ணா பல்கலைக்கழகம் உண்டாக்கினார்கள். 2012-ல் அதைத் திரும்பச் சென்னை கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அது மண்டல வளாகம். ஐந்து வருடம் இருந்து மறைந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் கல்விக்குழு கூட்டம் நடந்திருக்கும், பாடத்திட்டம் நிறைவேறியிருக்கும், யாரோ ஒருவருடைய மறுமதிப்பீட்டு மனு நிலுவையில் இருந்திருக்கும். நிறுவனத்தை அரசாணை போட்டு மூடலாம். அதில் படித்தவன் நாற்பது வருடம் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்.

சரி, பிரிவினையைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் கமிட்டி.

கமிட்டி வருகிறது என்றதும் கல்லூரியில் வெள்ளையடிப்பார்கள். அப்புறம் பதிவறையைத் திறப்பார்கள். 'என்னய்யா இது, ஒரே குப்பையா இருக்கு?' கமிட்டி கேட்பது கடைசி ஐந்து வருட விவரம். அந்த ஐந்து வருடத்துக்கு நடக்காத கூட்டத்துக்குக்கூட அறிக்கை இருக்கும். மரம் நட்டதற்கு ஜியோடேக் போட்டோ இருக்கும், ஸ்பைரல் பைண்டிங் இருக்கும், வண்ண வண்ணமாக ஃபைல் இருக்கும். அதற்கு முந்திய எழுபது வருடம் லோடு ஆட்டோவில் ஏறி பழைய பேப்பர் கடைக்குப் போகும். நான் பணியில் இருந்தபோதே இது நடந்தது. விடுதிப் பதிவேடுகள், உபகாரச் சம்பளப் பட்டியல்கள், விளையாட்டு விழாப் படங்கள் எல்லாம் எடைக்குப் போயின. பதிவறை உதவியாளர் என்னிடம் வந்து, 'அண்ணாச்சி, அட்மிஷன் ரிஜிஸ்டர் மட்டும் ரெண்டு பீரோ தனியா ஒதுக்கி வச்சிருக்கேன், யாரும் கேட்டா இல்லைன்னு சொல்லிருங்க' என்றார். அந்த மனிதர் படித்தது எட்டாம் வகுப்பு. அந்த வருடம் எங்கள் கல்லூரியில் ஆவணக் காப்பாளர் என்று யாராவது இருந்தார் என்றால் அவர்தான்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பதிவறைக்குள் போனதில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியும்போது அதன் தலையில் எழுதுவார்கள்: ஓ.மு. என்றால் ஒரு வருடம், மூ.மு. என்றால் மூன்று வருடம், ப.மு. என்றால் பத்து வருடம், நி.மு. என்றால் நிரந்தரம். பழைய ஆட்கள் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். நல்ல ஏற்பாடு. கோப்பு பிறந்து முடியும்போதே அதன் ஆயுளை எழுதிவிடுகிறோம். ஆனால் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதை ஒழுங்காக எழுதுகிற பழக்கம் குறைவு. எழுதினாலும், எழுதுகிறவர் சேர்ந்து ஆறு மாதம் ஆன இளநிலை உதவியாளர். அவருக்கு எதைக் கண்டால் பயம்? ஆடிட். அதனால் டீ வாங்கின வவுச்சர் முப்பது வருடம் பத்திரமாக இருக்கும். தணிக்கைத் தடை நிலுவையில் இருந்தால் தொடக்கூடாது என்பது விதி, அது சரிதான். ஆனால் பாடத்திட்டக் குழுவில் ஒரு பேராசிரியர் எதிர்த்து எழுதிக் கொடுத்த குறிப்பு மூ.மு. ஆகி மூன்று வருடத்தில் போய்விடும்.

என்னைக் கேட்டால் விடைத்தாள்களைக் கெடு முடிந்ததும் தாராளமாகப் போடலாம். வருகைப்பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், சுற்றறிக்கையின் பத்தாவது நகல், எல்லாம் போகட்டும். போகக் கூடாதவை என்று ஒரு சின்னப் பட்டியல்தான்: சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் தொகுப்புப் பதிவேடு, ஆட்சிக்குழு, பேரவை, கல்விக்குழு நடவடிக்கைக் குறிப்புகள், பாடத்திட்டங்கள், வினாத்தாளில் ஒரு பிரதி, கல்லூரி மலர், கட்டட வரைபடம், நிலப் பத்திரம். இவ்வளவும் ஓர் அறைக்குள் அடங்கும்.

சேர்க்கைப் பதிவேட்டில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். நம் இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. முடித்தவர் சொ. விருத்தாசலம். பிற்காலத்தில் புதுமைப்பித்தன். பேரேட்டில் அந்தப் பெயரை எழுதிய குமாஸ்தாவுக்கு அவர் இன்னொரு பையன், அவ்வளவுதான். யார் புதுமைப்பித்தன் ஆவார் என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. அதைவிட எனக்கு முக்கியம், புதுமைப்பித்தன் ஆகாத ஆயிரக்கணக்கான பேர். எந்தக் கிராமத்திலிருந்து முதல் பையன் எந்த வருடம் கல்லூரி வாசலை மிதித்தான், அப்பாவின் தொழில் பனையேற்றமா, பீடி சுற்றலா, கைத்தறியா, முதல் பெண் எப்போது சேர்ந்தாள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள். தாமிரபரணிக் கரையில் நூறு வருடச் சமூக மாற்றத்தை இந்தப் பதிவேடுகளை வைத்து எழுதலாம். இதையே காரணமாகக் காட்டி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போடச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதில் சாதி இருக்கிறது, அப்பாவின் வருமானம் இருக்கிறது, ஃபெயிலான மார்க் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களின் விவரம். ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. பாளையங்கோட்டைக் கல்வி வரலாற்றின் ஆரம்பத்தை எழுத நினைக்கிறவர், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் கடிதங்களைத் தேடி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். சேசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்களுக்குக் கொடைக்கானல் பக்கம் செண்பகனூருக்குப் போக வேண்டும். தூரம்தான், ஆனால் போனால் கிடைக்கும். அட்டவணை இருக்கும், எண் சொன்னால் பெட்டி வரும். 1840-ல் ஒரு பாதிரியார் இங்கிருந்து எழுதிய கடிதத்தைப் பார்க்க முடிகிறது. 1994-ல் ஒரு கல்லூரியில் புதிய பாடப்பிரிவு தொடங்க எழுதிய விண்ணப்பத்தைப் பார்க்க முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

தொண்ணூறுகள் விசேஷமான இருட்டு. அதற்கு முன்னால் எல்லாம் கையெழுத்து, நல்ல மை, கனமான பேரேடு. நூறு வருடம் நிற்கும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. டாட் மேட்ரிக்ஸில் அடித்த மதிப்பெண் பட்டியல்கள் மங்கிவிட்டன. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய மென்பொருளில் வைத்த தரவு ஃப்ளாப்பியில் போயிற்று. ஃப்ளாப்பி இருந்தாலும் அதைப் படிக்கிற மிஷின் இல்லை. தமிழில் அடித்த கடிதங்களோ ஆளுக்கு ஓர் எழுத்துரு. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தியதும், பழக்கதோஷத்தால் அதற்குப் பிந்தியதும், வானவில் என்ற எழுத்துருவிலும் வேறு எதிலெல்லாமோ இருக்கின்றன. இன்றைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். தேடவும் முடியாது.

இப்போது எதற்கெடுத்தாலும் 'டிஜிட்டல் பண்ணிட்டோம் சார்' என்கிறார்கள். டிஜிலாக்கரில் பட்டம் வருவது நல்லதுதான், பிள்ளைகள் அலைய வேண்டாம். அது இன்றைக்குப் பட்டம் வாங்குகிறவனுக்கு. பழைய பதிவேட்டை ஸ்கேன் செய்வது வேறு வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் விடுவார்கள். பையன்கள் வேகமாகப் பிடிப்பார்கள், ஓரத்தில் பதிவு எண் வெட்டுப்படும், கோப்பின் பெயர் ஸ்கேன்0001, ஸ்கேன்0002. பட்டியல் கிடையாது. ஹார்டுடிஸ்க் ஒரு பீரோவில். அதன் பிறகு 'ஸ்கேன்தான் இருக்கே' என்று மூலத்தையும் எடைக்குப் போடுவார்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்கிறவர்களை எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. முதலில் அட்டவணை, பிறகு ஸ்கேன். அட்டவணை இல்லாத ஸ்கேன், பூட்டின அறையை போட்டோ எடுத்து வைத்த மாதிரி.

காகிதத்துக்கும் நம் ஊரில் எதிரிகள் குறைவில்லை. கரையான், இராமபாணப் பூச்சி, மேலிருந்து ஒழுகல். எல்லாவற்றுக்கும் மேலே ஆறு. 1992-ல் தாமிரபரணி வந்ததைப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18-ல் மறுபடி பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. காகிதம் கனம் என்பதால் பதிவறைகளைத் தரைத்தளத்தில் வைப்பது வழக்கம், தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான். கீழ்த்தட்டை ஓர் அடி உயர்த்தினாலே பாதி தப்பும். நனைந்த பேரேட்டை வெயிலில் விரிப்பது தப்பு, தாள் முறுக்கிக்கொள்ளும், மை பரவும். நிழலில் மின்விசிறி போட்டு, இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் செய்ய வேண்டும். அந்த இரண்டு நாளில் இதைத் தெரிந்த ஆள் அலுவலகத்தில் இருக்க வேண்டுமே.

திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறது. ஆள். மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. விதியை மீறி அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை என்றும் சொல்கிறது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு, நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. நமக்கு இருப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ): எல்லாப் பதிவேடுகளையும் அட்டவணையிட்டு வைக்க வேண்டும். 2005-லிருந்து இருக்கிறது. துணைவேந்தருக்குப் பதவிக்காலம் மூன்று வருடம், அவர் இதில் கை வைக்க மாட்டார். பதிவாளருக்கு நீதிமன்ற வழக்குகளைப் பார்க்கவே நேரம் போதாது. நூலகரிடம் தள்ளிவிடலாம் என்பார்கள். நூலகர் புத்தகம் படித்தவர், கோப்பு வேறு சரக்கு. புத்தகத்தைப் பொருள் பார்த்து அடுக்கலாம். கோப்பை எந்தப் பிரிவிலிருந்து வந்ததோ அந்த வரிசை கலையாமல் வைத்தால்தான் எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று தெரியும்.

நம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த சுந்தரம் பிள்ளையைத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, பழைய அரசர்களின் காலத்தை ஆராய்ந்தவர். அவருக்குக் கல்லில் கிடைத்தது.

இதைப் படிக்கிறவர்களில் பல்கலைக்கழகப் பேரவை உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி கொடுக்கும்போது இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-ல் மதுரையிலிருந்து எந்தெந்தப் பதிவேடுகள் இங்கே வந்தன, அதற்கு ஒப்புகைப் பட்டியல் இருக்கிறதா என்பது ஒன்று. ஆவணக் காப்பாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம், ஒன்றே ஒன்று, உருவாக்க நிதிக்குழு ஒப்புக்கொள்ளுமா என்பது இன்னொன்று. வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கினதை நி.மு. போடச் சொல்லுங்கள்.