ஐஸ்லாந்தில் பட்டியலுக்கு வெளியே பெயரே வைக்க முடியாதா?

"ஐஸ்லாந்தில் அரசு தரும் பட்டியலில் உள்ள பெயரைத்தான் குழந்தைக்கு வைக்க முடியும், புதுப் பெயருக்கு இடமே இல்லை" என்றொரு தகவல் சுற்றி வருகிறது. பாதி உண்மை, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

பட்டியல் இருக்கிறது. ஆனால் அது மூடிய பட்டியல் அல்ல. அதில் இல்லாத பெயரை வைக்க விரும்பும் பெற்றோர், 1991-இல் அமைக்கப்பட்ட மூவர் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா, அம்மொழியின் எழுத்து முறைக்குப் பொருந்துமா, பிள்ளைக்குப் பின்னாளில் சங்கடம் தருமா என்றெல்லாம் குழு பார்க்கும். ஏற்றுக்கொண்டால் அந்தப் பெயரும் பட்டியலில் சேரும்.

குழு மறுப்பதும் உண்டு. அந்த மறுப்பும் இறுதியானது அல்ல. பிளைர் என்ற சிறுமிக்கு நடந்ததைப் பாருங்கள். அது ஆண்பாற்சொல், பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். அரசு ஆவணங்களில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சிறுமி' என்றே இருந்தது. பதினைந்து வயது வரை ஒரு பிள்ளையை அப்படி வைத்திருந்தது கொடுமைதான். 2013-இல் ரெய்க்யவிக் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது.

2019-இல் வந்த சட்டம் ஆண் பெயர், பெண் பெயர் என்ற கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. இப்போது எந்தக் குழந்தைக்கும் பட்டியலில் உள்ள எந்தப் பெயரையும் வைக்கலாம். சுற்றி வரும் தகவலில் இது எதுவும் இல்லை.