ஒரு போன் செய்திருக்கலாம்

அமெரிக்காவில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற அட்னான் சையத் பேச்சை எடுத்தாலே எல்லோரும் கேட்பது, "அவன் செய்தானா, இல்லையா?" என்றுதான். எனக்குத் தெரியாது. இந்த வழக்கைப் பற்றி வருஷக்கணக்காகப் படிக்கிறேன், இன்னும் தெரியாது. ஆனால் அவனுடைய வக்கீல் கோட்டை விட்டாரா என்று கேட்டால் தயங்காமல் ஆமாம் என்பேன்.

1999 ஜனவரி 13. பால்டிமோர் அருகே உள்ள பள்ளியில் படித்த ஹே மின் லீ காணாமல் போனாள். நாலு வாரம் கழித்து லீக்கின் பூங்காவில் உடல் கிடைத்தது. முன்னாள் காதலன், 17 வயது அட்னான், கைதானான். 2000 பிப்ரவரியில் ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை, கூடவே 30 வருஷம். அரசுத் தரப்பு நம்பியது முக்கியமாக இரண்டை: உடலைப் புதைக்க உதவினேன் என்ற நண்பனின் சாட்சியம், அதோடு ஒத்துப்போன செல்போன் டவர் பதிவுகள்.

அட்னானின் வக்கீல் கிறிஸ்டினா குட்டியரெஸ் கற்றுக்குட்டி இல்லை, பெயர் பெற்றவர். அந்த நண்பனுக்கு இலவச வக்கீலை ஏற்பாடு செய்து கொடுத்ததே அரசு வக்கீல்தான் என்பதைக் குறுக்கு விசாரணையில் வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இதில் எப்படிச் சறுக்கினார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பள்ளி விட்டது 2:15க்கு. 2:36க்குள் கொலை முடிந்துவிட்டது என்றது அரசுத் தரப்பு. அந்த நேரத்தில் பள்ளியை ஒட்டிய பொது நூலகத்தில் அட்னானோடு பதினைந்து இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்ததாக ஒரு வகுப்புத் தோழி சொல்கிறாள். அவன் கைதான அடுத்த இரண்டு நாளில் அவனுக்கு இரண்டு கடிதங்களும் எழுதியிருக்கிறாள். அவள் பெயர் வக்கீல் தரப்புக் கோப்பிலேயே குறிப்பாக இருந்தது. யாரும் அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று வக்கீல் நினைத்திருந்தால்கூட சரி என்பேன், ஆனால் அதையும் அவளிடம் பேசித்தானே முடிவு செய்ய வேண்டும்?

அப்புறம் அந்த ஃபேக்ஸ். செல்போன் பதிவுகளோடு ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் அனுப்பிய முகப்புத் தாளில், வெளியே போன அழைப்புகளை வைத்துத்தான் இடத்தைச் சொல்ல முடியும், உள்ளே வந்தவற்றை நம்ப முடியாது என்று இருக்கிறது. பூங்காப் பக்கத்து டவரைக் காட்டிய மாலை 7:09, 7:16 அழைப்புகள் இரண்டுமே உள்ளே வந்தவை. அரசுத் தரப்பின் செல்போன் நிபுணர் கூண்டில் நின்றபோது அந்தத் தாளை நீட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்த எச்சரிக்கை அப்போது தன் கண்ணில் பட்டிருந்தால் அப்படிச் சாட்சி சொல்லியிருக்க மாட்டேன் என்று அந்த நிபுணரே 2015ல் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் வக்கீல் தவறினார் என்று காட்டினால் மட்டும் அமெரிக்காவில் போதாது. 1984ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, அந்தத் தவறு இல்லாவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்றும் காட்ட வேண்டும். இங்கேதான் கூத்து. 2016ல் ஒரு நீதிபதி, தோழியை விட்டது தவறு, ஆனால் அதனால் முடிவு மாறியிருக்காது, ஃபேக்ஸை விட்டதுதான் பாதித்தது என்று மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே திருப்பிப் போட்டது: ஃபேக்ஸ் வாதத்தை நேரத்தில் எழுப்பவில்லை, அது போனது, தோழியை விட்டதுதான் பாதிப்பு. 2019ல் மேரிலாந்தின் உச்சபட்ச நீதிமன்றம், தோழியை விட்டது தவறுதான், ஆனாலும் முடிவு மாறியிருக்காது என்று 4-3 கணக்கில் தண்டனையை மீட்டது.

தவறு என்பதில் மூன்று தீர்ப்புகளும் ஒத்துப்போகின்றன. சண்டை எல்லாம் அது பாதித்ததா என்பதில்தான். அதற்கு நீதிபதிகள் எதைப் பார்க்கிறார்கள்? அதே வக்கீல் நடத்திய விசாரணையின் பதிவுகளை. அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்காது. அதைப் படித்துவிட்டு அரசுத் தரப்புச் சாட்சியம் வலுவாக இருக்கிறது என்றால், வலுவாகத்தான் இருக்கும்!

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2022ல் தண்டனை ரத்து, விடுதலை. இறந்தவளின் சகோதரருக்கு அந்த ரத்து விசாரணை பற்றி முறையாகத் தகவல் தரவில்லை என்று மறுபடி தண்டனை உயிர் பெற்றது. அந்தக் குடும்பத்தின் கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2025 மார்ச்சில், சிறையில் கழித்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள். வெளியே இருக்கிறார், ஆனால் பதிவில் இன்னமும் கொலைக் குற்றவாளி.

குட்டியரெஸ் 2004ல் இறந்துவிட்டார், அவரிடம் யாரும் காரணம் கேட்க முடியாது. அந்தத் தோழி 2016 பிப்ரவரியில்தான் முதல் தடவையாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதே நூலகம், அதே பேச்சு. 17 வருஷம் ஆகியிருந்தது.