சட்டை போட்டு விட்டிருப்பேனே

நேத்து எங்க சபை வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஆப்பிரிக்கா பையன், மேல சட்டை கெடையாது, மூக்கு ஒழுகுது, கீழ "இருளில் தவிக்கும் ஜனங்களுக்காக ஜெபியுங்கள், தாங்குங்கள்"ன்னு எழுதி ஒரு ஜிபே நம்பர். பதினெட்டு பேர் ஆமென் போட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் போடல. ஏன்னா அதே மாதிரி ஒரு போட்டோவ எடுத்து அனுப்பினவ நானும்தான், அதச் சொல்லாம அடுத்தவங்கள குத்தம் சொல்ல வாய் வரல, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

நான் நர்ஸ். தான்சானியாவுல டொடோமா பக்கம் ஒரு கிராமத்து மிஷன் டிஸ்பென்சரியில ஏழு வருஷம் இருந்தேன். போறப்போ சபையில மாலை போட்டு, தலையில கை வச்சு ஜெபம் பண்ணி, கைப்பிடி அரிசி வித்த காசெல்லாம் சேத்துக் குடுத்து அனுப்பினாங்க, நானும் என்னமோ அந்த ஜனங்களுக்கு வெளிச்சத்தையே தூக்கிட்டுப் போற மாதிரி நெனப்புல பிளைட் ஏறினேன். போய்ப் பாத்தா ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலவிட அங்கதான் கூட்டம். அந்தப் பக்கத்துல ம்ப்வாப்வாங்கிற ஊருக்கு 1870-கள்லயே சிஎம்எஸ்ங்கிற இங்கிலாந்து சங்கத்து மிஷனரிங்க வந்துட்டாங்க. எங்க கிராமத்துல மட்டும் கொயர் மூணு, ஆடிக்கிட்டே பாடுவாங்க, ஆராதனை எப்ப முடியும்னு யாரும் வாட்ச்ச பாக்கிறதே இல்ல. அவங்களுக்கு என்கிட்ட தேவைப்பட்டது பிரசவம் பாக்க ஒரு ஆள், சுகர் பிரஷர் பாக்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

ஊரு நம்ம ராம்நாடு மாதிரி காய்ஞ்ச பூமி. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வர்ற மழைதான் மழை. கோகோங்கிற இனத்து ஜனங்க, கம்பும் சோளமும்தான் வெள்ளாமை. மொத நாள் உகாலின்னு தட்டுல வச்சாங்க பாருங்க, சாட்சாத் கம்பங்களி! தொட்டுக்க ம்லெண்டான்னு வெண்டைக்கா மாதிரி வழவழன்னு ஒரு கீரை. எங்க ஆச்சி இருந்திருந்தா ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்ருப்பா, நான்தான் ஊறுகா பாட்டில தேடிக்கிட்டு கெடந்தேன்.

ஸ்வாஹிலி நாலு மாசம் படிச்சேன். ஆனா மணி கணக்குல மாட்டிக்கிட்டேன். அவங்களுக்கு பொழுது விடிஞ்ச பிறகுதான் மணி ஆரம்பிக்கும், நம்ம காலை ஏழு மணி அவங்களுக்கு ஒரு மணி. அது எனக்கு தெரியும், வகுப்புல சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனா அவசரத்துல வாய் பழைய கணக்குக்கே போகுது. ஒரு வயசான அம்மாவுக்கு சுகர் இருக்குமோன்னு சந்தேகம், "நாளைக்கு சா நானேக்கு வாங்க, ஒண்ணும் சாப்பிடாம வரணும்"னுட்டேன். சான்னா மணி, நானேன்னா எட்டு. அவங்க கணக்குல அது மத்தியானம் ரெண்டு மணி. மறுநாள் அந்த அம்மா சரியா ரெண்டு மணிக்கு வந்து நிக்கிறாங்க, ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி படல, அந்த வெயில்ல எட்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்காங்க. எனக்கு விஷயம் உரைச்சதும் முகம் செத்துப் போச்சு. என் மூஞ்சியப் பாத்துட்டு அந்த அம்மா என் கையப் பிடிச்சு "போலே"ங்கிறாங்க. போலேன்னா, வழியில யாராவது தடுக்கி விழுந்தா நாம "அச்சச்சோ, அடி பட்ருச்சா"ம்போமில்லா, அது. பசியில நிக்கிறது அவங்க, ஆறுதல் எனக்கு.

இப்ப போட்டோ கதைக்கு வர்றேன். மாசா மாசம் ஊருக்கு ஜெபக் குறிப்பு அனுப்பணும். எழுத்து மட்டும் அனுப்பினா யாரும் சீண்ட மாட்டாங்க, போட்டோ இருந்தாத்தான் காணிக்கை வரும், இது அந்த வேலையில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். டிஸ்பென்சரி பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் புழுதியில வெளையாடிட்டு வந்தான், மேல ஒண்ணும் இல்ல, கண்ணுகிட்ட ஈ. எடுத்தேன், அனுப்பினேன். அந்த மாசம் பணம் நல்லாவே வந்துச்சு, அதுலதான் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கினோம், அதையும் சொல்லணும்.

அத நான் பேஸ்புக்லயும் போட்டிருந்தேன். எங்க டிஸ்பென்சரியில வேல பாத்த பொண்ணு பாத்துட்டு அவன் அம்மாகிட்ட காட்டிட்டா. அவங்க சண்டைக்கு வரல. வாசல்ல நின்னு "ஹோடி", உள்ள வரலாமான்னு கேட்டு, நான் "கரிபு", வாங்கன்னு சொன்ன பிறகுதான் உள்ள வந்தாங்க, உக்காந்தாங்க. "சிஸ்டர், அவனுக்கு கோயிலுக்குப் போற வெள்ளச் சட்ட ஒண்ணு இருக்கே. படம் எடுக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டு விட்டிருப்பேனே." அவ்வளவுதான் கேட்டாங்க. நான் அவங்க வீட்டுக்குள்ள போறப்போ ஒரு நாளாவது ஹோடி கேட்டேனான்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்.

நம்மளப் பத்தியும் இப்படி எழுதியிருக்காங்க மக்களே. கால்டுவெல் ஐயர் நமக்கு செஞ்சதெல்லாம் மறக்கிறதுக்கில்ல, ஆனா 1849-ல திருநெல்வேலி ஜனங்களப் பத்தி அவர் இங்கிலீஷ்ல போட்ட புத்தகத்த, பின்னால படிச்சு தலையெடுத்த நம்ம பிள்ளைங்க வாசிச்சுட்டு, நம்மளையா இப்படின்னு கொதிச்சுப் போயி எதிர்த்தாங்க. அந்த ஊர்க்காரியான நான் செல்போன்ல அதையே செஞ்சிருக்கேன். 1910-ல எடின்பர்க் மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிங்க நடுவுல நின்னு பின்னால பிஷப் ஆன நம்ம வெள்ளாளன்விளை அசரியா "எங்களுக்கு நண்பர்களைத் தாங்க"ன்னு கேட்டத நாம பெருமையா பிரசங்கத்துல சொல்றோம். அன்னிக்கு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தவங்க நாற்காலியிலதான் இன்னிக்கு நாம உக்காந்திருக்கோம், அது யாருக்கும் தோண மாட்டேங்குது.

லீவுல வந்து மிஷன் கூட்டத்துல பேசினப்போ கொயர் பத்தி, அந்த அம்மா பத்தி சொன்னேன். முடிஞ்சதும் ஒரு பெரியவர் கேட்டாரு, "அங்க சூனியம் பில்லியெல்லாம் இல்லையாம்மா?" பாவம், அவருக்கு ஏமாத்தம்.

பேஸ்புக்ல இருந்த போட்டோவ அன்னிக்கே தூக்கிட்டேன். ஆனா பிரிண்ட் போட்டு லேமினேஷன் பண்ணினது ஒண்ணு எங்க கோயில் நோட்டீஸ் போர்டுல இன்னும் தொங்குதாம், நேத்துதான் தங்கச்சி சொன்னா. அந்தப் பையன் இப்போ பெரிய ஆளாயிருப்பான். வர்ற ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி போயி கழட்டணும், ஸ்க்ரூ போட்டு வச்சிருக்காங்களாம், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போகணும்.