சருகு அடைத்த குழாய்

ஏற்காடு அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை வேகத்தடை! என்னுடையது செகண்ட்ஹேண்டில் வாங்கிய, துணிக்கூரையை மடித்துத் திறக்கிற ரெண்டு சீட்டு கார், தரைக்கும் அடிவயிற்றுக்கும் அஞ்சு இஞ்ச்தான் இடைவெளி, அதனால் ஒவ்வொரு தடையிலும் காரைக் குறுக்காகத் திருப்பி ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார்.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் ஏறும்போது எல்லாம் மறந்துவிடும்.

வயிற்றெரிச்சல் மேலே போன பிறகுதான். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் நிறுத்தினால் சருகு கொட்டுகிறது. துணிக்கூரை மடியும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் வடிய சின்னக் குழாய் இருக்கும். அதில் சருகு அடைத்தால் தண்ணீர் நேராக உள்ளே. போன ஐப்பசி மழையில் சீட்டைக் கழற்றிப் பார்க்கிறேன், கார்ப்பெட் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும், சீட் ரெயில் முழுக்கத் துரு. பழைய ஓனர் ஒரு தடவைகூட அந்தக் குழாயைத் தொட்டதில்லை போல. மெக்கானிக்கோ கூரையையே மாற்றச் சொல்கிறார்! கடைசியில் புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பை விட்டு நானே குத்தி எடுத்தேன், கறுப்பாகக் குழைந்த சருகு கைநிறைய வந்தது.